களவின் குன்றம், கற்பின் கோயில்: பரிபாடல் செவ்வேள் பாடல்களில் திருப்பரங்குன்றம்

ஆய்வுச் சுருக்கம்

திருப்பரங்குன்றம் இன்று முருகன் தெய்வயானையை மணந்த தலமாகவும், அறுபடைவீடுகளில் முதலாவதாகவும் அறியப்படுகிறது. பரிபாடலின் செவ்வேள் பாடல்கள் இதே குன்றை வள்ளியின் வதுவை நிகழ்ந்த இடமாகவும், களவொழுக்கத்தின் சிறப்பை நிறுவும் சான்றாகவும் பாடுகின்றன. தலபுராண மரபின் வழியே பரிபாடலைப் படிப்பதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. 9, 17, 19ஆம் பாடல்களை முதன்மையாகக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. திருமுருகாற்றுப்படை, தேவாரம், கந்தபுராணம் ஆகியவற்றோடும் குன்றின் கல்வெட்டுகளோடும் அப்பாடல்களை ஒப்பிட்டு, பாடலை இட உரிமைக்கான பட்டயமாகப் படிக்கும் போக்கையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பரங்குன்றம், பரிபாடல், செவ்வேள், வள்ளி, தெய்வயானை, களவு, கற்பு, தலபுராணம்

முன்னுரை

மதுரை நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் ஒற்றைப் பாறைமலை திருப்பரங்குன்றம். வட அடிவாரத்தில் குடைவரைக் கோயிலும் அதன் முன்னே அடுக்கடுக்காக எழுந்த மண்டபங்களும் ஊரின் தேர்வீதிகளும் உள்ளன. மேற்குப் பக்கம் உயரத்தில் சமண முனிவர்க்கு வெட்டப்பட்ட கற்படுக்கைகள் இருக்கின்றன. தென்புறத்தில் சமணக் குடைவரையாக இருந்து 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாற்றப்பட்ட உமையாண்டார் கோயில் இருக்கிறது. மலைமேல் காசி விசுவநாதர் கோயிலும் உச்சியில் சிக்கந்தர் தர்காவும் உள்ளன. ஒரே பாறையை இத்தனை மரபினர் சுற்றிச் சூழ்ந்து புனிதமாகக் கொண்ட ஊர் பாண்டிநாட்டில் அரிது.

இத்தலத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளுக்கும் நூல்களுக்கும் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. சங்க இலக்கியத்தில் குன்றம் குறிக்கப்படும் இடங்களைத் தொகுப்பது, தேவாரப் பதிகங்களைச் சுட்டுவது, தலபுராணக் கதையைச் சொல்வது, திருவிழாக்களை வரிசைப்படுத்துவது என்பதே அம்முறை. தொகுப்பதில் குற்றமில்லை. ஆனால் பல காலத்துப் பனுவல்கள் யாவும் ஒரே செய்தியையே சொல்கின்றன என்ற எண்ணத்தை அம்முறை படிப்பவர்க்கு ஏற்படுத்திவிடுகிறது. ‘பரிபாடல் காலந்தொட்டே இது முருகனின் திருமணத் தலம்’ என்னும் கூற்று அவ்வாறு உருவானதே. திருமணத் தலம் என்பது உண்மை. யாருடைய திருமணம் என்று கேட்கும்போதுதான் பனுவல்கள் பிரிந்து நிற்கின்றன.

கூடலுக்கு மேற்கே

சங்கப் பாடல்களில் பரங்குன்றம் தனித்து நிற்பதில்லை. கூடலோடு சேர்த்தே காட்டப்படுகிறது. அகநானூற்று 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் கொடிகள் அசையும் தெருக்களையுடைய கூடலுக்கு மேற்கே, மயிற்கொடி உயர்ந்த, விழா ஓயாத குன்றைக் காட்டுகிறார். காட்டும் நோக்கம் வழிபாடு அன்று. அங்குள்ள சுனையில் பூத்த மலர் தலைவியின் கண்ணுக்கு உவமையாக வேண்டும், அவ்வளவே. முசிறியின் பொன்னையே பெற்றாலும் அக்கண்களை விட்டுப் பிரியேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்லும் பாடல் அது. அகநானூற்று 59ஆம் பாடலில் மதுரை மருதன் இளநாகனார் இன்னும் வியப்பான ஒன்றைச் செய்கிறார். முருகனின் பரங்குன்றத்தைச் சொல்லும்போது, அது அந்துவன் என்னும் புலவரால் பாடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அந்துவன், பரிபாடல் 8ஆம் பாடலைப் பாடிய ஆசிரியன் நல்லந்துவனாராகக் கொள்ளப்படுகிறார். ஆகவே தெய்வம் உறைவதால் மட்டுமன்றிப் புலவர் ஒருவர் பாடியதாலும் இக்குன்று சிறப்புற்றது என்னும் எண்ணம் சங்க காலத்திலேயே இருந்துள்ளது. இக்குறிப்புக்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்றே கூற வேண்டும்.

திருமுருகாற்றுப்படையும் குன்றைக் கூடலின் மேற்கே வைக்கிறது. 317 அடிகள் கொண்ட அந்நூலின் முதல் 77 அடிகள் பரங்குன்றப் பகுதி எனப்படுகின்றன. ஆயினும் அவற்றுள் பெரும்பகுதி முருகனின் மாலை, சூரரமகளிரின் ஒப்பனை, போர்க்களத்துப் பேய்மகளின் துணங்கை, சூரனை அழித்த செயல் ஆகியவற்றுக்கே செல்கிறது. குன்றை நெருங்கும்போது பந்தும் பாவையும் தொங்கவிடப்பட்ட மதுரையின் வாயிலும் அங்காடியும் மாடவீதியும் வருகின்றன. அதன்பின் சேற்று வயலும் தாமரையும் வண்டும் வருகின்றன. குன்றின்மேல் ஒரு மரம்கூட விவரிக்கப்படாமல் பகுதி முடிந்துவிடுகிறது. மேற்கு என்னும் திசைக்குறிப்பு இன்றைய மதுரையின் அமைப்போடு முற்றும் பொருந்தாமையால், பழைய மதுரையின் இருப்பிடம் பற்றிய விவாதத்தில் அது எடுத்தாளப்படுவதுண்டு.

நக்கீரர் ‘ஆறு வீடுகள்’ என்று எங்கும் எண்ணிச் சொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது. பரங்குன்றம் முதல் குன்றுதோறாடல் வரை ஒவ்வொன்றையும் எச்சவும்மை சேர்த்து, அதுவுமன்றி என்று அடுத்ததற்குக் கடக்கிறார். இறுதிப் பகுதியில் வெறியாடு களம், காடு, சோலை, ஆற்றிடைக்குறை, குளம், நாற்சந்தி, கடம்ப மரம், மன்றம், பொதியில் என முருகன் உறையும் இடங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. உம்மையால் விரித்துச் சொல்லப்பட்ட ஒன்றை எண்ணால் அடைத்தது பிற்கால மரபு. அவ்வெண்ணே பரங்குன்றத்தை ‘முதற்படைவீடு’ ஆக்கியது.

தமிழ் ஆராயாதார்க்குப் பயன்படாக் குன்று

பரிபாடல் எழுபது பாடல்களைக் கொண்டது என்றும் அவற்றுள் செவ்வேளுக்கு உரியவை 31 என்றும் பழைய வெண்பா ஒன்று கணக்குக் கூறுகிறது. இன்று முழுமையாகக் கிடைப்பவை 22. செவ்வேளுக்கு உரியவை 8. உ.வே. சாமிநாதையர் 1918இல் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்த பிறகே இவை பரவலான வாசிப்புக்கு வந்தன. அதற்கு முன்பே கந்தபுராணம் கோயில்களிலும் வீடுகளிலும் தொடர்ந்து படிக்கப்பட்டு, முருகன் கதையின் வடிவம் மக்கள் மனத்தில் உறுதிப்பட்டுவிட்டது. பரிபாடல் அச்சேறியபோது அதைப் படித்தவர்கள் ஏற்கெனவே கந்தபுராணத்தை அறிந்த கண்களாலேயே படித்தனர். இவ்வரலாற்றுச் சூழலை மனத்தில் கொண்டே 9ஆம் பாடலை அணுக வேண்டும்.

குன்றம்பூதனார் பாடிய 9ஆம் பாடல், முருகன் வள்ளியை மணந்த நாளில் இந்திரன் மகளின் கண்கள் பொழிந்த மழையால் வேனிற்காலமே கார்காலமாயிற்று என்று தொடங்கும் காட்சியைக் கொண்டது. மூத்த மனைவியின் கண்ணீர் குன்றின் பருவத்தையே மாற்றுகிறது. அடுத்து, புலவர் நான்மறை வல்லாரை நேரே விளித்து ஒரு வழக்குரைக்கத் தொடங்குகிறார். காமத்துள் சிறந்தது இருவர் உள்ளமும் ஒத்துக் கூடும் கூட்டம் என்கிறார். கற்பு வாழ்வு சிறப்பது ஊடலால் என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த ஊடல் எங்கிருந்து வருகிறது என்று அடுத்து நோக்குகிறார்: கணவனுக்குப் பரத்தை இருப்பதால் வருகிறது. களவில் தலைவனைக் கூடிய பெண்களுக்கு அத்தகைய துனி இல்லை. இத்தகைய பொருளியல்பை உடைய தண்ணிய தமிழை ஆராயாதவர் இக்குன்றின் பயனைக் கொள்ளமாட்டார் என்று முடிக்கிறார்.

இவ்வழக்கின் துணிவு எளிதில் புலப்படுவதன்று. கற்பின் பெருமையைத் தாக்க அவர் கற்புக்கு வெளியே செல்லவில்லை. அகப்பொருள் இலக்கணம் கற்புக்கு அணியாகக் கருதிய ஊடலையே எடுத்து, அதன் வேரில் ஆடவனின் தவறு இருப்பதைக் காட்டுகிறார். அதையும் மறைவல்லோர் முன்னிலையில், மந்திரத்தோடு கூடிய மணத்துக்கு உரிய தேவசேனைக்கு எதிராக, வள்ளியின் பக்கம் நின்று செய்கிறார். தலத்தின் பயன் என்பது பொதுவாக நீராடினால் இன்னது, வலம்வந்தால் இன்னது என்று சொல்லப்படும். இங்கே பயனைப் பெறத் தகுதி, தமிழின் பொருளிலக்கணத்தை அறிதல். ஒரு புனித இடத்தின் பெருமையை ஒரு மொழியின் காதல் இலக்கணத்தில் வைத்த இவ்வாதத்துக்கு இணையானதைப் பிற்காலத் தலபுராணங்களில் காண்பது அரிது.

வழக்குரைத்த பின் பாடல் குன்றின்மேல் ஒரு போரைக் காட்டுகிறது. இருவரின் தோழியரும் மோதுகின்றனர். அவரவர் மயில்களும் கிளிகளும் வண்டுகளும்கூட அணிபிரிந்து மோதுகின்றன. சக்களத்திச் சண்டை என்று நகைச்சுவையாகக் கொண்டு இப்பகுதியைக் கடந்துவிடுவது வழக்கம். நகை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வள்ளியின் சுற்றத்தார் அங்கே போர்த்திறம் விளைத்ததால்தான் இக்குன்று வெற்றிவேலனுக்குப் பொருத்தமாயிற்று என்று பாடல் காரணம் கூறுகிறது. சூரனை வென்றதோ இந்திரனுக்கு உதவியதோ இங்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. குறவர் மகளின் தோழியர் செய்த போர் குன்றுக்கும் வேலனுக்கும் இடையிலான பொருத்தத்தை நிறுவுகிறது.

இதே புலவர் பாடிய 18ஆம் பாடலை உடன்வைத்துப் படித்தால் 9ஆம் பாடலின் வழக்கு மேலும் கூர்மை பெறுகிறது. அங்கே ஒரு தலைவன் பரங்குன்றத்தில் ஆடும் மயிலை நோக்கி ஏதோ நினைக்கிறான். அவன் தன்னை இகழ்வதாக எண்ணித் தலைவி ஊடுகிறாள். 9ஆம் பாடலில் ஊடலே இல்லாத காதலின் இடமாக நிறுவப்பட்ட குன்றில், 18ஆம் பாடலில் ஒரு மயிலால் ஊடல் பிறக்கிறது. முன்னது வள்ளியின் காதல்; பின்னது குன்றைப் பார்க்க வந்த மனிதர்களின் காதல். குன்றம்பூதனார் தம் வழக்கின் எல்லையைத் தாமே அறிந்திருந்தார் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

19ஆம் பாடல் இச்செய்தியை வேறொரு புலவரின் வாய்வழி உறுதிசெய்கிறது. நப்பண்ணனார் தொடக்கத்திலேயே, வானுலகத்தார்க்கே உரிய இன்பம் மண்ணுலகத்தார்க்கும் கிடைக்கட்டும் என்று முருகன் பரங்குன்றில் அமர்ந்ததாகக் கூறி, அங்கு நிகழ்ந்த வள்ளியின் வதுவை, துறக்கத்தவளோடு நிகழ்ந்த மணத்துக்கு மாறுகொள்வது போன்றது என்கிறார். தேவசேனையின் மணம் விண்ணுக்கு உரியது. மண்ணில், பரங்குன்றில் நடந்தது வள்ளியின் மணம். பரிபாடல் அளவில் இதற்கு மேல் தெளிவான சான்று தேவையில்லை.

வழியும் முழையும்

செவ்வேள் பாடல்களில் குன்றைவிட அதை நோக்கிச் செல்லும் மக்களே மிகுதியாகத் தென்படுகின்றனர். நல்லழிசியார் பாடிய 17ஆம் பாடல், கூடலுக்கும் பரங்குன்றுக்கும் இடைப்பட்ட வழியை மிக அண்மையது, ஆயினும் மிகச் சேய்மையது என்று வியக்கிறது. அளந்தால் அண்மை. ஆனால் சாந்து பூசி வழியெங்கும் களித்து நிற்போராலும், கூந்தலிலிருந்தும் குஞ்சியிலிருந்தும் அவிழ்ந்து விழுந்த பூக்களாலும் நடக்க இடமின்றி வழி நீண்டுவிடுகிறது. தொலைவைக் கூட்டத்தால் அளக்கும் இவ்வுணர்வு, பங்குனி உத்திரத்திலும் கார்த்திகையிலும் அவ்வூர்த் தெருக்களில் நடந்தவர்க்கு விளக்கம் வேண்டாதது.

8ஆம் பாடலில் கூடல் மகளிர் பூசைப்பொருள்களோடு வருகின்றனர். அவர்கள் கேட்பவை வீடுபேறோ பிறவி நீக்கமோ அல்ல. கரு வாய்க்க வேண்டும். கணவன் தேடும் பொருள் கைகூட வேண்டும். போருக்குப் போனவன் வெல்ல வேண்டும். அதே பாடலில் ஒரு தலைவன் தன் தவற்றை மறைக்க வையை மணலையும் பரங்குன்றையும் தொட்டுச் சூளுரைக்க முயல்கிறான். அக்குன்றின்மேல் பொய்ச்சூள் வேண்டா, தெய்வம் வருத்தும் என்று அவன் தடுக்கப்படுகிறான். குன்று இங்கே ஆடவனின் சொல்லுக்குக் காவலாக நிற்கிறது. பரத்தைமையைக் கற்பின் உள்நோயாகக் கண்ட 9ஆம் பாடலோடு இதற்குள்ள உறவு தற்செயலானது எனத் தோன்றவில்லை.

பாண்டியன் தன் தேவியரோடும் அமைச்சரோடும் வரும் 19ஆம் பாடலின் காட்சிகள் தனிக் கட்டுரைக்கே உரியவை. வழியில் குரங்குகளுக்குப் பண்டம் கொடுப்பவரும் கரும்பு நீட்டுபவரும் இருக்கின்றனர். எழுத்துநிலை மண்டபத்தில் கதிரவனும் கோள்களும் தீட்டப்பட்ட வட்டத்தைப் பார்த்துச் சிலர் அறிகின்றனர். இவன் காமன், இவள் இரதி என்று சிலர் வினவ, மற்றவர் விளக்குகின்றனர். இந்திரன் பூனையாக ஓட, அகலிகை கல்லான ஓவியத்தைக் காட்டி, இன்னது நிகழ்ந்தது என்று ஒருவர்க்கொருவர் சொல்கின்றனர். வள்ளியின் களவு போற்றப்படும் குன்றில் அகலிகையின் கதை தீட்டப்பட்டிருப்பதும், அதில் தவறிழைத்த இந்திரன் தேவசேனையின் தந்தையே என்பதும் சிந்தனைக்கு உரியன. புலவர் இதைச் சுட்டிக்காட்டவில்லை. ஓவியத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்கிறார்.

அதே கூட்டத்தில் ஒரு பேதைப் பெண் தன் சுற்றத்தாரைப் பிரிந்து பாறைகளுக்கிடையே வழி தவறிவிடுகிறாள். தன்னவரை உரக்கக் கூவி அழைக்கிறாள். மலைமுழை அக்குரலை வாங்கி எதிரொலிக்கிறது. தன்னவர்தாம் மறுமொழி தருகின்றனர் என்று நம்பி அவள் ஒலி வந்த இடத்துக்கே செல்கிறாள். அங்கே யாரும் இல்லை. மீண்டும் கூவுகிறாள், மீண்டும் முழை பதிலளிக்கிறது. தெய்வத்தைப் பாடும் பாட்டில் இக்காட்சிக்கு வழிபாட்டுப் பயன் எதுவும் இல்லை. அவள் கிடைத்தாளா என்றும் பாடல் சொல்வதில்லை. திருவிழாக் கூட்டத்தின் மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு சிறுமியின் அச்சத்தையும் புலவரின் செவி கேட்டது என்பதே அதன் மதிப்பு.

பிற்காலத் தல மரபிலும் ஒரு முழை வருகிறது. பூதம் ஒன்று ஆயிரம் பேரைச் சேர்த்து உண்பதற்காக 999 பேரைக் குகையில் அடைத்திருந்தது. ஆயிரமாவதாக நக்கீரர் அகப்பட்டார். அவர் திருமுருகாற்றுப்படை பாட, முருகன் குகையைப் பிளந்து அனைவரையும் விடுவித்தார் என்பது கதை. பரிபாடலின் முழை குரலைத் திருப்பியனுப்புகிறது. தல மரபின் குகை குரலுக்குப் பணிந்து திறக்கிறது. சமயப் பயனுடைய கதை ஊரின் நினைவில் நிலைத்தது. பயனற்ற கூவல் ஏட்டில் தங்கிப்போனது.

வள்ளி பெயர்ந்த இடம்

இம்மாற்றத்தின் தொடக்கம் திருமுருகாற்றுப்படையிலேயே தெரிகிறது. பரங்குன்றப் பகுதியின் முதல் அடிகளில் முருகன், கற்பு என்னும் சொல்லால் சிறப்பிக்கப்படும் ஒருத்தியின் கணவனாக அறிமுகமாகிறான். உரைமரபு அவளைத் தெய்வயானை என்றே கொள்கிறது. வள்ளியின் பெயர், அலைவாய்ப் பகுதியில் ஆறுமுகங்களின் செயல்களைக் கூறும் இடத்தில் வருகிறது. பரிபாடலுக்கும் ஆற்றுப்படைக்கும் இடையிலான காலமுறை இங்கு முதன்மையான வினா அன்று. ஒரே குன்றைப் பற்றிய இரு வேறு பார்வைகள் சங்கத் தொகுப்புகளுக்குள்ளேயே நின்றன என்பதே வேண்டுவது.

தேவாரத்தில் காட்சி வேறு. பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற பதினான்கு தலங்களுள் ஒன்றாகிய பரங்குன்றில் சம்பந்தரும் சுந்தரரும் பாடியது சிவனை. சுந்தரர் பதிகம் அடிமை செய்ய அஞ்சுகிறோம் என்று இறைவனிடமே முறையிடும் விளையாட்டுத் தொனி கொண்டது. மூவேந்தர் உடனிருக்க அவர் அங்கு வந்த செய்தியோடு அது தொடர்புடையது. களவு, கற்பு என்னும் வினா அப்பதிகங்களுக்கு உரியதன்று.

திருமணத்தை உறுதியாக இடம்மாற்றியது கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம். அதன் தேவகாண்டம் திருப்பரங்குன்று சேர் படலத்தோடு தொடங்கித் தெய்வயானையம்மை திருமணப் படலத்துக்குச் செல்கிறது. சூரனை வென்ற முருகனுக்கு நன்றிக்கடனாக இந்திரன் தன் மகளைத் தர, தேவர் கூடிய மணம் பரங்குன்றில் நிகழ்கிறது. வள்ளியம்மை திருமணப் படலமோ நூலின் இறுதியில், தொண்டைநாட்டு வள்ளிமலைச் சாரலில் நிகழ்கிறது. பின் தணிகை வருகிறது. காஞ்சியில் குமரகோட்டத்தில் இருந்து பாடிய புலவர் வள்ளியைத் தம் நாட்டுக்கு அழைத்துக்கொண்டார் என்று கருத இடமுண்டு. தொண்டைநாட்டில் முன்பே வழங்கிய வள்ளி கதைகளைப் புராணம் தழுவிக்கொண்டது எனவும் கூறலாம். எவ்வாறாயினும் விளைவு ஒன்றே. பரிபாடல் விண்ணில் வைத்த தேவசேனை மணம் பரங்குன்றுக்கு இறங்கியது. பரங்குன்றில் வைத்த வள்ளி மணம் வடக்கே பெயர்ந்தது.

இவ்விடமாற்றத்தால் கந்தபுராணம் தாழ்ந்ததாகாது. வள்ளியின் களவை அதுவும் நயம்படவே பாடுகிறது. இழப்பு நேர்ந்தது வாதத்துக்கு. வள்ளியும் தேவசேனையும் ஒரே குன்றில் எதிரெதிரே நின்றதால்தான் களவும் கற்பும் ஒன்றையொன்று வினவ முடிந்தது. இருவர்க்கும் தனித்தனி ஊர் கிடைத்ததும் மறைவல்லோரை விளித்துக் கேட்ட கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. வள்ளியை இச்சா சக்தியாகவும் தெய்வயானையைக் கிரியா சக்தியாகவும் கொள்ளும் தத்துவ விளக்கம் இருவரையும் சமன்செய்கிறது. சமன்செய்யும் விளக்கம் வழக்கைத் தீர்ப்பதில்லை. அதை மறக்கச் செய்கிறது.

கல் காட்டும் பெண்கள், ஊர்கள்

குன்றின் கல்வெட்டுகளும் இவ்வாசிப்புக்கு எதிர்பாராத துணையாகின்றன. குடைவரைக் கோயிலின் கல்வெட்டு கலி 3874, அதாவது கி.பி. 773ஆம் ஆண்டைத் தருகிறது. பாண்டியன் நெடுஞ்சடையனின் அதிகாரியும் கரவந்தபுரத்து வைத்தியர் குலத்தவனுமான சாத்தன் கணபதி அங்குத் திருப்பணி செய்தான். அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்தாள். சேட்டை என்னும் மூத்ததேவி இன்று அமங்கலத் தெய்வமாக ஒதுக்கப்பட்டவள். 8ஆம் நூற்றாண்டில் ஓர் உயர்குடிப் பெண் அவளுக்கு இக்குன்றில் இடம் தந்தாள். இன்று அக்குடைவரையில் முருகன், துர்க்கை, விநாயகர், சத்தியகிரீசுவரர் எனப்படும் பரங்கிரிநாதர், பவளக்கனிவாய்ப் பெருமாள் ஆகிய ஐவரே முதன்மையாக வழிபடப்படுகின்றனர். முருகன் பாறையிலேயே வடிக்கப்பட்ட மணக்கோலச் சிற்பமாதலின் அபிடேகம் அவன் வேலுக்கே செய்யப்படுகிறது.

மேற்குப் பக்கத்துக் கற்படுக்கையின் தமிழிக் கல்வெட்டு ஒன்று எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் பொலாலையனைக் குறிக்கிறது. அகநானூற்றில் இக்குன்றைப் பாடிய தாயங்கண்ணனாரும் எருக்காட்டூரினர். ஊர்ப்பெயர் ஒற்றுமை ஒன்றைக்கொண்டு இருவரையும் ஓரூரினர் எனத் துணிதல் கூடாது. எனினும் முனிவர்க்குப் படுக்கை அமைத்த அறமும் தலைவியின் கண்ணுக்குச் சுனைப்பூவை உவமித்த கவிதையும் ஒரே குன்றைச் சுற்றி, ஒரே பெயருடைய ஊர்களிலிருந்து எழுந்துள்ளன.

பாடல்கள் யாவும் கூடலிலிருந்து, வடகிழக்கிலிருந்தே குன்றைப் பார்க்கின்றன என்பதும் மறக்கத்தக்கதன்று. திருமங்கலம், கப்பலூர்ப் பக்கமிருந்து சமவெளியைக் கடந்து வருபவர்க்கு எதிர்ப்படுவது கோபுரமற்ற மறுபக்கப் பாறை. பரிபாடற் புலவர் இத்திசையிலிருந்து வந்தவரைக் காட்டவில்லை. உமையாண்டார் குடைவரை இருப்பது அத்தென்புறத்தில்தான். நகரத்தின் பார்வையில் அமைந்த பாடல்களை முழுக் குன்றின் வரலாறாகக் கொள்வது, மலையின் ஒரு முகத்தை மட்டும் வலம்வந்து மீள்வதற்கு ஒப்பாகும்.

பாடலும் பட்டயமும்

மலை யாருக்கு உரியது என்னும் வழக்கு 1920இல் மதுரை நீதிமன்றத்தில் தொடங்கி, 1931இல் இலண்டன் பிரிவி கவுன்சிலின் தீர்ப்புவரை சென்றது. அண்மைக் காலத்திலும் அங்கு வழிபாட்டு உரிமை பற்றிய பூசல்கள் எழுகின்றன. அத்தகைய வேளைகளில் சங்கப் பாடல்கள் மேடைகளில் சான்றாக ஓதப்படுவது இயல்பாகிவிட்டது. முருகனுக்கு இக்குன்றோடுள்ள தொன்மையான உறவைப் பாடல்கள் காட்டுகின்றன என்பதில் கருத்து வேறுபாடில்லை. நிலத்தின் எல்லையை, அனுபவ உரிமையைப் பிரித்துத் தீர்ப்பது ஆவணங்களையும் சாட்சியங்களையும் கொண்டு நீதிமன்றம் செய்யும் வேலை. அவ்வேலைக்குப் பாடலை இழுக்கும்போது ‘பரங்குன்றம்’, ‘முருகன்’ என்னும் இரு பெயர்கள் மட்டும் பயன்படுகின்றன. பாடலின் மற்றச் சொற்கள் யாவும் வீணாகின்றன. மறைவல்லோரோடு நிகழ்த்திய வழக்கும், ஓவியத்தின் முன் நின்று வினவியோரும், முழையில் மோதித் திரும்பிய சிறுமியின் குரலும் பட்டய வாசிப்புக்குத் தேவையில்லாதவை. மேலும், வள்ளியின் மணத்தைச் சொல்லும் பாடலைத் தெய்வயானையின் தலத்துக்குச் சான்றாக்குவோர், தாம் காட்டும் சான்று என்ன சொல்கிறது என்பதைப் படித்துப் பார்ப்பதில்லை.

17ஆம் பாடல் வியந்த வழி, சடங்கில் இன்றும் உயிரோடிருக்கிறது. சித்திரையில் மீனாட்சியின் திருமணத்துக்காகப் பரங்குன்றத்து முருகனும் தெய்வயானையும் மதுரைக்குச் செல்கின்றனர். தங்கையைத் தாரைவார்க்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் உடன்செல்கிறார். பங்குனியில் முருகனின் திருமணத்துக்கு மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மதுரையிலிருந்து பரங்குன்றம் வருகின்றனர். பங்குனி, வேனில் தொடங்கும் காலம். மணமேடையில் அமர்பவள் இந்திரன் மகள். குன்றம்பூதனார் பாட்டில் அவள் கண்ணீரால் வேனிலில் கார் வந்ததும் இதே குன்றுக்குத்தான்.